தாண்டியவனும் காத்திருந்தவளும்

சாதி, செல்வம், குலப்பகை, கடல்கடந்த தொலைவு எனக் காதலுக்குக் குறுக்கே நிற்கும் தடைகள் பல. அத்தடைகளை வென்ற காதலரின் கதைகளும் பல. ஆனால், அவன் பிறப்பதற்கு முன்பே அவள் முதுமை எய்திவிட்டாள் என்றால் என்ன செய்வது? காலமே மதிலாக நிற்கும்போது காதல் எந்த வாயிலைத் தட்டும்? இவ்வினாவை எழுப்பிய திரைப்படங்களுள் நெடுங்காலமாக மக்கள் உள்ளத்தில் நிலைத்திருப்பது, 1980ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த 'சம்வேர் இன் டைம்' என்னும் படம். 'காலத்தின் ஏதோ ஓரிடத்தில்' என்று அப்பெயரைத் தமிழில் சொல்லலாம். ரிச்சர்டு மாதெசன் 1975இல் எழுதிய புதினத்தைத் தழுவி, அவரே எழுதிய திரைக்கதைக்கு ஷானோ ஸ்வார்க் இயக்குநராக அமைந்தார். வெளியானபோது இப்படம் பெரிய வரவேற்பைப் பெறவில்லை. பின்னர் தொலைக்காட்சி வழியாகவும் வீடியோ நாடா வழியாகவும் வீடுகளுக்குள் நுழைந்து, சிறுகச் சிறுகத் தனக்கென ஒரு பெருங்கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டது.

காதற்படம் ஒன்றை நம்பிக்கை கொண்டோர் ஆராய வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். வேண்டும் என்பதே நம் கருத்து. ஏனெனில் இப்படம் பேசுவது காதலை மட்டுமன்று. பிரிவை, இறப்பை, இறப்பிற்கு அப்பாலுள்ள சந்திப்பை. இவை நாம் ஒவ்வொரு ஞாயிறும் அறிக்கையிடும் நம்பிக்கையோடு நேரடியாகத் தொடர்புடையவை. அன்புக்குரியவரை மண்ணில் விதைத்துவிட்டு வீடு திரும்பியவர் எவரும் இப்படத்தை வெறும் பொழுதுபோக்காகப் பார்க்க இயலாது.

கதை எளியது. 1972ஆம் ஆண்டு, கல்லூரியொன்றில் ரிச்சர்டு காலியர் என்னும் இளைஞனின் முதல் நாடகம் அரங்கேறுகிறது. பாராட்டுவோர் நடுவே முன்பின் அறியாத மூதாட்டி ஒருவர் அவனை நெருங்கி, பழைய பைக்கடிகாரம் ஒன்றை அவன் கையில் வைத்து, தன்னிடம் திரும்பி வருமாறு மன்றாடிவிட்டு அகல்கிறார். அன்றிரவே அவர் இறந்துபோகிறார். எட்டு ஆண்டுகள் கழிகின்றன. எழுத்து வராமல் தவிக்கும் ரிச்சர்டு, மேக்கினா தீவிலுள்ள கிராண்ட் ஹோட்டலில் தங்குகிறான். அங்கே சுவரில் மாட்டியிருந்த பழைய ஒளிப்படம் ஒன்றில் எலிஸ் மெக்கென்னா என்னும் நடிகையைக் காண்கிறான்; மனத்தைப் பறிகொடுக்கிறான். அந்த மூதாட்டியே இந்த நங்கை என்று பின்னர் அறிகிறான். தன்னைத் தானே அறிதுயிலில் ஆழ்த்திக்கொண்டு 1912ஆம் ஆண்டிற்குச் செல்கிறான். எலிஸைக் காண்கிறான், இருவரும் அன்பு கொள்கின்றனர். ஆயினும் அவன் சட்டைப் பையில் தங்கிவிட்ட 1979ஆம் ஆண்டின் ஒரு செப்புக்காசு கண்ணில் பட்ட நொடியில், நிகழ்காலம் அவனைப் பிடித்திழுத்துக்கொள்கிறது. மீண்டும் செல்ல முயன்று தோற்கிறான். உணவும் நீரும் துறந்து, அறைக்குள் அமர்ந்தவாறே உயிர் நீங்குகிறான். வெண்ணொளி பரவிய வெளியில் எலிஸ் கை நீட்டி நிற்க, அவன் அவளை அடைவதோடு படம் நிறைவுறுகிறது.

படத்தின் நிறைகளை முதலில் சொல்வதே முறை. ஹூரான் ஏரியிலுள்ள அத்தீவில் 1898 முதலே மோட்டார் வாகனங்களுக்குத் தடை உண்டு. குதிரை வண்டிகளின் குளம்பொலியும், 1887இல் திறக்கப்பட்ட அந்த விடுதியின் நீண்ட வெண்ணிறத் தாழ்வாரமும் பழமையைப் போலி அலங்காரமாக்காமல் நம் முன் நிறுத்துகின்றன. நிகழ்காலத்திற்கு ஒரு வகைப் படச்சுருளும் கடந்த காலத்திற்கு மென்மையான நிறம் தரும் வேறொரு வகைப் படச்சுருளும் பயன்படுத்தினர். இதனால் 1912ஆம் ஆண்டு நினைவின் வண்ணத்தில் மிதக்கிறது. ஜான் பாரியின் இசையும், 1934இல் ரக்மானினாஃப் இயற்றிய இசைக்கோவையின் பகுதியும் உள்ளத்தை உருக்குகின்றன. கிறிஸ்டபர் ரீவும் ஜேன் சீமோரும் மிகையின்றி நடித்துள்ளனர்.

ஒரு காட்சியைத் தனியே குறிப்பிட வேண்டும். எலிஸை ஒளிப்படம் எடுக்கிறார்கள். அவள் முகம் சிலைபோல் இறுகியிருக்கிறது. அவ்வேளையில் ரிச்சர்டு அறைக்குள் வருகிறான். அவனைக் கண்டதும் அவள் முகம் மலர்கிறது. அந்நொடியில் படம் பதிவாகிறது. 68 ஆண்டுகளுக்குப் பின் விடுதிச் சுவரில் அவனை ஈர்க்கப்போகும் ஒளிப்படம் அதுதான். எந்தப் புன்னகையைக் கண்டு அவன் அவளைத் தேடி வந்தானோ, அந்தப் புன்னகை அவனைக் கண்டே பிறந்தது. நாம் அன்பு செய்யத் தொடங்குமுன்பே அன்பு செய்யப்பட்டிருக்கிறோம் என்னும் உண்மையைப் படம் அறிந்தோ அறியாமலோ தொட்டுவிடுகிறது. தூய யோவான் தம் திருமுகத்தில் இறைவனைப் பற்றிச் சொல்வதும் இந்த முன்னுரிமையைத்தானே?

இனி, நம்மை உறுத்தும் இடத்திற்கு வருவோம். அந்தப் பைக்கடிகாரத்தைக் கவனியுங்கள். 1972இல் மூதாட்டி அதை ரிச்சர்டிடம் தருகிறார். அவன் அதை 1912க்கு எடுத்துச் செல்கிறான். காலம் அவனைப் பறித்தெடுத்தபோது அது எலிஸிடம் தங்கிவிடுகிறது. அவள் அதை 60 ஆண்டுகள் காத்து, மீண்டும் அவனிடமே தருகிறாள். அப்படியானால் அக்கடிகாரத்தைச் செய்தவர் யார்? எந்தப் பட்டறையில் அது பிறந்தது? விடையில்லை. அது இருவர் கைகளுக்கிடையே வட்டமாகச் சுழல்கிறதேயன்றி, அதற்குத் தொடக்கமும் இல்லை, வெளியேற்றமும் இல்லை. அறிவியல் புனைவை விரும்புவோர் இதை ஒரு புதிராக எண்ணி மகிழ்வர். நமக்கோ அது இப்படத்தின் காதலுக்கே சின்னமாகத் தோன்றுகிறது. தந்தவர் ஒருவரும் இல்லாத, பெறுவோர் மூன்றாமவர் எவரும் இல்லாத கொடை அது. அன்பின் ஊற்று காதலர் இருவருக்குள் மட்டுமே இருக்குமானால், அது அவர்களுக்குள்ளேயே சுழன்று அவர்களோடு வற்றிப்போகும். திருமணத்தைத் திருச்சபை ஓர் அருளடையாளம் என்று போற்றுவது, அவ்வன்பிற்குத் தந்தவர் ஒருவர் இருக்கிறார் என்பதாலும், அது பிறருக்காகவும் தரப்படுகிறது என்பதாலும் அன்றோ?

இதனினும் ஆழமான குறை ஒன்று உண்டு. காலத்தைக் கடக்கும் காதல் என்று இப்படத்தைப் போற்றுகிறோம். ஆனால் இதில் காலத்தைக் கடந்தவர் யார்? ரிச்சர்டு என்றே எவரும் சொல்வர். அவன் பழைய உடையணிந்து, நிகழ்காலத்தை நினைவூட்டும் பொருள்களையெல்லாம் அறையிலிருந்து அகற்றி, படுக்கையில் கிடந்து மனத்தை ஒருமுகப்படுத்தி, 68 ஆண்டுகளை ஒரே தாவலில் தாண்டிவிடுகிறான். எலிஸ் என்ன செய்தாள்? 1912லிருந்து 1972வரை 60 ஆண்டுகளை ஒவ்வொரு நாளாக, ஒவ்வோர் இரவாக நடந்தே கடந்தாள். கண்ணெதிரே மறைந்துபோன ஒருவனை, ஏன் மறைந்தான் என்றும் புரியாமல் எண்ணிக்கொண்டிருந்தாள். அவன் தாண்டினான், அவளோ கடந்தாள். காலத்தைக் கடந்த காதல் என்ற பட்டம் எவருக்காவது உரியதென்றால் அது அவளுக்கே உரியது.

ஆனால் படக்கருவி யாரைப் பின்தொடர்கிறது? தாண்டியவனை. எலிஸின் 60 ஆண்டுகளைப் படம் நமக்குக் காட்டுவதே இல்லை. அவள் முதுமையை அறிந்த லாரா ராபர்ட்ஸ் என்னும் பெண் சொல்லும் சில சொற்களே அதற்குச் சான்று. 1912க்குப் பிறகு எலிஸின் துடிப்பெல்லாம் அடங்கிப்போயிற்று. அவள் உள்ளொடுங்கி வாழ்ந்தாள் என்கிறாள் லாரா. அவள் பாதுகாத்த பொருள்கள் மூன்று நம் கண்ணுக்குப் படுகின்றன: அந்தக் கடிகாரம், விடுதியின் வடிவில் செய்வித்த ஓர் இசைப்பெட்டி, காலப்பயணத்தைப் பற்றி அவள் திரும்பத் திரும்பப் படித்த ஒரு நூல். இம்மூன்று பொருள்களுக்கும் பின்னே எத்தனை விடியல்கள்! எத்தனை ஐயங்கள்! அந்தப் பெண்ணின் கதையைச் சொல்லியிருந்தால் இது அரிய படமாக அன்று, மாபெரும் படமாகவே ஆகியிருக்கும்.

படத்தில் இன்னொருவரும் காலத்தை நடந்தே கடந்திருக்கிறார். விடுதியில் சுமை தூக்கும் முதியவர் ஆர்தர். 1912இல் தந்தையின் அருகே பந்து விளையாடித் திரிந்த சிறுவன் அவர்தான். அதே கட்டடத்தில் வளர்ந்து, உழைத்து, முதிர்ந்து, வருவோரின் பெட்டிகளைச் சுமந்து, 1980இல் ரிச்சர்டையும் வரவேற்கிறார். எங்கோ பார்த்த முகமாயிற்றே என்று தயங்குகிறார். ரிச்சர்டுக்கு அவர் வழிகாட்டும் ஒரு பணியாளர் மட்டுமே. காலத்தின் இருகரைகளையும் இணைத்து நிற்கும் அந்த எளிய மனிதரை அவன் நின்று பார்ப்பதேயில்லை. கடந்த காலத்தின் மீது கொண்ட மோகம், அருகில் நிற்கும் உயிருள்ள மனிதரை மறைத்துவிடுவதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

காலத்தைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்த நம் முன்னோருள் தலையாயவர் புனித அகுஸ்தீனார். தம் 'அறிக்கைகள்' நூலின் 11ஆம் பகுதியில் அவர் காலத்தை ஆராய்கிறார். சென்றது இப்போது இல்லை. வருவது இன்னும் இல்லை. எனினும் சென்றது நம் நினைவிலும், வருவது நம் எதிர்நோக்கிலும் இப்போதே இருக்கின்றன என்பது அவர் கண்ட முடிவு. ஆகவே, கடந்த காலத்திற்குச் செல்ல நிகழ்காலத்தை அழிக்க வேண்டியதில்லை. இறைவன் முன்னிலையில் நினைவுகூர்ந்தாலே போதும். ரிச்சர்டின் வழியோ இதற்கு நேர்மாறானது. நிகழ்காலத்தின் ஒவ்வோர் அடையாளத்தையும் அகற்றினால்தான் அவனால் செல்ல முடிகிறது. அதனால்தான் ஒரு சிறு செப்புக்காசு அவன் இன்பம் முழுவதையும் கவிழ்த்துவிடுகிறது. நிகழ்காலத்தைப் பகையாகக் கொண்ட அன்பு எத்துணை நொய்மையானது!

இங்கே வரலாற்றுச் செய்தி ஒன்றை நம் வாசகர் அறிதல் நன்று. மாதெசனுக்கு இக்கதையைத் தூண்டியது, நெவாடா மாநிலத்தில் ஒரு பழைய நாடக அரங்கில் அவர் கண்ட ஒளிப்படம். அதிலிருந்தவர் மோட் ஆடம்ஸ் என்னும் புகழ்பெற்ற நடிகை. 1872இல் பிறந்தவர், 1905 முதல் அமெரிக்க மேடைகளில் பீட்டர் பேன் வேடமேற்று நாட்டையே மகிழ்வித்தவர். திருமணம் செய்துகொள்ளவில்லை, தனிமையை நாடியவர். 1918இல் நோயுற்று மேடையை விட்டு விலகினார். அந்த விலகலுக்குப் பின் அவர் வாழ்வு வெறுமையாகிவிடவில்லை. மேடை விளக்குகளை மேம்படுத்தும் ஆய்வில் ஈடுபட்டார். 1937 முதல் மிசௌரி மாநிலத்துக் கல்லூரியொன்றில் இளைய பெண்களுக்கு நாடகக்கலை கற்பித்தார். கத்தோலிக்கராகாத அவர், செனக்கிள் துறவுச் சபைக் கன்னியரின் இல்லங்களில் தங்கித் தியானம் செய்து அமைதி கண்டவர். நியூயார்க் மாநிலத்து ரொங்கொங்கோமா ஏரியருகே இருந்த தம் நிலத்தையும் மனையையும் 1922இல் அச்சபைக்கே கொடையாக அளித்தார். 1953இல் இறந்தபின் அக்கன்னியரின் கல்லறைத் தோட்டத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

சுவரிலிருந்த ஒளிப்படத்தின் உண்மையான உரிமையாளர் இவர். கதையிலுள்ள எலிஸோ ஒரு பிரிவால் உள்ளடங்கி உறைந்துபோனவள். வாழ்ந்த மோட் ஆடம்ஸின் தனிமை, பிறர் வந்து இளைப்பாறும் நிழலாயிற்று. கைக்குள் சுழலும் கடிகாரத்திற்கும் கைவிட்டுக் கொடுத்த நிலத்திற்கும் இடையிலுள்ள வேறுபாடு இதுவே. இழப்பு எல்லாருக்கும் வருகிறது. அதை மூடி வைப்பதா, திறந்து கொடுப்பதா என்பதில்தான் வாழ்வு பிரிகிறது.

ரிச்சர்டின் முடிவைப் பற்றியும் பேசாதிருக்க முடியாது. அவன் உண்ணாமல், உறங்காமல், சன்னலை நோக்கியவாறு உயிர் விடுகிறான். படம் இதைத் தற்கொலை என்று சொல்வதில்லை. காதலின் உச்சம் என்றே இனிய இசையோடு காட்டுகிறது. இங்கேதான் நாம் விழிப்பாயிருக்க வேண்டும். துணையை இழந்தபின் உணவை வெறுத்து, பேச்சை நிறுத்தி, அவரோடு தாமும் போய்விட வேண்டும் என்று புலம்புவோர் நம் இல்லங்களிலும் இருக்கின்றனர். அவர்களை நாம் தீர்ப்பிடுவதில்லை. துயரத்தின் கொடுமை மனிதரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்பதையும், இறைவன் தாம் மட்டுமே அறிந்த வழிகளில் அவர்களுக்கு மீட்பின் வாய்ப்பை அளிக்க வல்லவர் என்பதையும் 1992இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல் பரிவோடு எடுத்துரைக்கிறது. ஆனால் பரிவு வேறு, புகழ்ச்சி வேறு. வாடிப்போதலை அன்பின் அளவுகோலாக்கினால், துணையை இழந்தபின்னும் பிள்ளைகளுக்குச் சோறு வடித்து, விளக்கேற்றி, நாளை நகர்த்துகின்ற எத்தனையோ கைம்பெண்களின் அன்பு குறைவுடையது என்றாகிவிடும். உண்மையோ அதற்கு மாறானது. அவர்கள் எலிஸின் உடன்பிறப்புகள்.

அகுஸ்தீனார் இத்துயரத்தையும் அறிந்தவர். தகாஸ்தே ஊரில் இளமை நண்பனை இழந்தபோது, சொந்த ஊரே அவருக்குச் சிறையாயிற்று. எங்கு நோக்கினும் சாவே தெரிந்தது. பின்னாளில் அத்துயரை ஆராயும்போது, நண்பனை அன்பு செய்தது பிழையென அவர் கூறவில்லை. சாகப்போகும் ஒருவனைச் சாவே இல்லாதவன்போல் பற்றிக்கொண்டதே தம்மைச் சிதைத்தது என்கிறார். பற்றிக்கொள்ளுதலுக்கும் அன்புக்கும் உள்ள வேறுபாட்டை உயிர்த்த ஆண்டவரும் மக்தலா மரியாவுக்குக் கற்பித்தார். கல்லறைத் தோட்டத்தில் தம்மைப் பற்றிக்கொள்ள முனைந்தவளைத் தடுத்து, சகோதரரிடம் சென்று அறிவிக்குமாறு அனுப்பினார். அன்பரைக் கண்டடைந்த மகிழ்ச்சி அவளுக்கு ஒரு பணியாக மாறியது.

இறுதிக் காட்சிக்கு வருவோம். ஒளிவெள்ளத்தில் நிற்கும் எலிஸ் 1912இல் இருந்த அதே இளநங்கை. 60 ஆண்டுகள் அவள் முகத்தில் ஒரு கோடும் வரையவில்லை; அவை நடக்காதவைபோல் துடைக்கப்பட்டுவிட்டன. அங்கே அவ்விருவரைத் தவிர வேறெவரும் இல்லை. இது நம் விண்ணகம் அன்று. உயிர்த்த இயேசு தோமாவுக்குக் காட்டியது தம் காயங்களை. சிலுவையின் மூன்று மணி நேரம் உயிர்ப்பால் அழிக்கப்படவில்லை, மாட்சி பெற்றது. அங்ஙனமே அன்பில் வாழ்ந்த ஒரு நாளும் நிலைவாழ்வில் வீணாவதில்லை. எலிஸின் நரைத்த தலையும் நடுங்கும் கையும்தான் அவள் அன்பின் காயங்கள். அவற்றோடு அவள் அங்கு நின்றிருந்தால் அந்த ஒளி இன்னும் மெய்யாக இருந்திருக்கும். விண்ணகம் இருவருக்கான தனியறையும் அன்று. 2007இல் எதிர்நோக்கைப் பற்றி எழுதிய சுற்றுமடலில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட், நம் எதிர்நோக்கு எப்போதும் பிறருக்கான எதிர்நோக்காகவும் இருக்கிறது என்று கற்பித்தார். அவ்விருந்தில் ஆர்தருக்கும் இடமுண்டு.

படத்திற்கு அப்பால் நிகழ்ந்த ஒன்று இதே பாடத்தை வேறு வகையில் சொல்லிற்று. ஒரே இரவில் காலத்தைத் தாண்டியவனாக நடித்த கிறிஸ்டபர் ரீவ், 1995இல் குதிரையிலிருந்து விழுந்து, கழுத்துக்குக் கீழ் உணர்வும் அசைவும் இழந்தார். 2004இல் அவர் இறக்கும்வரை ஒன்பது ஆண்டுகளுக்கு மேலாக மனைவி டானா அவர் அருகிலிருந்தார். இருவரும் தங்களுக்காக மட்டும் வாழாமல், முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டோரின் நலனுக்காகவும் உழைத்தனர். எந்த அறிதுயிலும் அங்கே உதவவில்லை. ஒவ்வொரு காலையும் அன்பு புதிதாக எழ வேண்டியிருந்தது.

இப்படத்தின் மூதாட்டி கேட்டது, தன்னிடம் திரும்பி வர வேண்டும் என்பது. 387ஆம் ஆண்டு ஓஸ்தியா துறைமுக நகரில் இறப்பின் விளிம்பில் கிடந்த புனித மோனிக்கா கேட்டது வேறு. கணவர் பத்ரீசியின் அருகே அடக்கமாக வேண்டும் என்று அவர் முன்னரே இடம் ஆயத்தம் செய்திருந்தார். இறுதியில் அவ்விருப்பத்தையும் கைவிட்டார். தம் உடலை எங்கேனும் புதைத்துவிடலாம். எங்கிருந்தாலும் ஆண்டவரின் பீடத்தருகே தம்மை நினைத்தால் போதும் என்று மக்களிடம் வேண்டினார். திரும்பி வரக் கேட்பதும் அன்புதான். நினைக்கக் கேட்பதும் அன்புதான். ஆனால் முன்னது இருப்பவரைச் சாவை நோக்கி இழுக்கிறது. பின்னது இருப்பவரையும் இறந்தவரையும் ஒரே திருவிருந்தில் கூட்டுகிறது. திருப்பலியில் இறந்தோரை நினைவுகூரும் அச்சிறு அமைதியில் நாமும் காலத்தைக் கடக்கிறோம். நிகழ்காலத்தின் எந்தக் காசையும் எறிந்துவிட வேண்டியதில்லை. அதைக் காணிக்கையாகவே வைக்கலாம்.

இப்படத்தைப் பார்க்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பாருங்கள், கண்ணீர் வந்தால் வரட்டும். மறுமுறை பார்க்கும்போது இளங்காதலரை மட்டும் பாராமல், தொடக்கத்தில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மெல்ல நடந்து வரும் அந்த மூதாட்டியைப் பாருங்கள். 60 ஆண்டுகளை நடந்து கடந்த கால்கள் அவை. நம் வீட்டிலும் அத்தகைய கால்களோடு ஒருவர் இருக்கலாம். அவர் கதையை அமர்ந்து கேட்க நமக்கு நேரம் வாய்க்குமானால், அதுவும் காலத்தைக் கடக்கும் அன்பே.